கேளுங்க, சொல்றேன்: கல்லூரி இல்லாத ஹோப் காலேஜ்

கேள்வி: தினமும் கோவை ஹோப் காலேஜ் ஸ்டாப்பில் இறங்கித்தான் வேலைக்குப் போகிறேன். அந்தப் பேரில் அங்கே கல்லூரியே இல்லையே, ஐயா? (வாசகி, சிங்காநல்லூர்)

இருந்ததும்மா. 1945-இல் ஜி.டி.நாயுடுவின் முயற்சியால் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி அது. ஆர்தர் ஹோப் அன்றைய சென்னை மாகாண கவர்னர். பின்னாளில் அது அரசுக் கல்லூரியாகித் தடாகம் ரோட்டுக்குப் போய்விட்டது. இன்று நாம் ஜி.சி.டி. என்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறதே, அதுதான். கல்லூரி இடம் மாறினாலும் பேர் அவினாசி ரோட்டைவிட்டு நகரவில்லை. அதைக் காப்பாற்றியவர்கள் டவுன் பஸ் கண்டக்டர்கள். "ஹோப்ஸ் எல்லாம் எறங்குங்க" என்று அவர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டே அது நிலைத்தது. நாயுடுவும் பஸ்காரர்தான், 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றை பஸ்ஸை வைத்துத் தொழிலை ஆரம்பித்தவர். அவர் தொடங்கிய கல்லூரியின் பேரை பஸ்காரர்களே காத்துத் தந்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

கேள்வி: கோவை வெரைட்டி ஹால் ரோட்டில் வெரைட்டி ஹால் எங்கே? (வாசகர், ஈரோடு)

வெரைட்டி ஹால்தான் பின்னாளில் டிலைட் தியேட்டர் ஆனது. பெரியவர்களிடம் அது எங்கே இருந்தது என்று கேளுங்க, காட்டுவார்கள். கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டியது. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராக டென்ட் அடித்துப் படம் காட்டினார். அந்த வருமானத்தில் எழும்பியதுதான் வெரைட்டி ஹால். தென்னிந்தியாவின் ஆரம்பகால நிரந்தரத் தியேட்டர்களில் ஒன்று. அவர் பேரும் அந்த வருஷமும், ரோட்டில் போகிற எல்லார் கண்ணிலும் படும்படி பெரிய பலகையாக நிற்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கேள்வி: எங்கள் வீதி மளிகைக்கடையை அடுத்த மாதம் மூடுகிறார்கள். பெரியவருக்கு முடியவில்லை. வருத்தமாக இருக்கிறது; நாங்கள் என்ன செய்ய முடியும்? (வாசகி, பல்லடம்)

உங்க வருத்தம் எனக்குப் புரியுதுங்க, அம்மிணி. எங்க ஊர்க் கடைக்குத்தான் சாளைகளுக்கு, அதாவது தோட்டத்து வீடுகளுக்கு வரும் கடிதாசியெல்லாம் வரும். பருத்தி விற்ற பிறகு தருகிறேன் என்றால் நோட்டில் எழுதிக்கொண்டு அரிசியும் பருப்பும் கொடுத்து அனுப்புவார் கடைக்காரர். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிப்பதும் அங்கேதான். அந்தக் கடை பற்றி ஒரு துண்டுக் காகிதம்கூட இன்று யாரிடமும் இல்லை.

கடையைத் தொடர்ந்து நடத்தச் சொல்லி அவரை வற்புறுத்தாதீங்க; உழைத்த உடம்பு, ஓய்வெடுக்கட்டும். ஆனால் பழைய கணக்கு நோட்டு, தராசு, படிக்கல், பேர்ப்பலகை எதையும் எடைக்குப் போட வேண்டாம் என்று அவர் பிள்ளைகளிடம் சொல்லுங்க. கல்லாவில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே போட்டோ எடுங்க. முதல் நாள் யாருக்கு என்ன விற்றார், யார் கடனை மனசாரத் தள்ளிவிட்டார் என்று கேட்டு, செல்போனில் அவர் குரலைப் பதிந்து வையுங்க. இந்த வாரமே போங்க. கடைசி நாளில் சாமான் ஏற்றுகிற அவசரம்தான் இருக்கும், பேச்சுக்கு நேரம் இருக்காது.