தேர்தல் சட்டத்தில் எதை மாற்றினால் பலன்? கேள்வி பதில்

தேர்தல் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடலாம் என்று கேட்ட மூவருக்கு இங்கே பதில் கிடையாது.

கரூர் நண்பர்: ஓட்டுக்குப் பணம் கொடுத்தால் தேர்தலையே நிறுத்துகிறார்கள். கொடுத்தவருக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லையே, ஏன் சார்?

உங்கள் மாவட்டத்து அரவக்குறிச்சியிலிருந்தே தொடங்கலாம். 2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் தேர்தலை ஆணையம் ரத்து செய்தது. அந்த வருடம் நவம்பரில்தான் மறுபடி நடந்தது. அடுத்து 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல். 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதி. அங்கே ஆகஸ்ட் 5 அன்று வாக்குப்பதிவு நடந்தபோது, ரத்துக்கு முன் நின்ற முக்கிய வேட்பாளர்களே மறுபடி நின்றார்கள்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. லஞ்சம் கொடுப்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-வது பிரிவின்படி ஊழல் நடவடிக்கை. அதை நிரூபித்தால் ஆறு வருடம் வரை தகுதி நீக்கம் செய்யலாம். ஆனால் நிரூபிக்க வேண்டிய இடம் உயர் நீதிமன்றத்தில் போடும் தேர்தல் வழக்கு. அந்த வழக்கை, ஜெயித்தவரின் வெற்றியை எதிர்த்துத்தான் போட முடியும். தேர்தலே ரத்தாகிவிட்டால் ஜெயித்தவர் யார்? ஆக, பணப்பட்டுவாடா எவ்வளவு மோசமோ, அவ்வளவு பத்திரமாக அந்த வழக்கிலிருந்து தப்பித்துவிடலாம்.

மிச்சம் இருப்பது குற்ற வழக்கு. அதில் தண்டனை வந்துவிட்டால், வெறும் அபராதமாக இருந்தாலும் ஆறு வருடம் போட்டியிட முடியாது. கடுமையான சட்டம்தான், ஆனால் தண்டனை வரைக்கும் போய்ச் சேர்ந்த வழக்குகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய 58ஏ என்று தனிப் பிரிவே உண்டு. பணத்துக்கு அப்படி ஒன்று இல்லாததால் ஆணையம் அரசியலமைப்பின் 324-வது பிரிவு தரும் பொது அதிகாரத்தைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. பணத்துக்காக 58பி என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லி 2016-ல் ஆணையமே மத்திய அரசுக்கு எழுதியது. நடக்கவில்லை. நான் கேட்பது இன்னும் ஒன்று: ரத்தான தேர்தலில் லஞ்சக் குற்றச்சாட்டை நீதிமன்றம் பதிவு செய்துவிட்டால், மறுதேர்தலில் அந்த வேட்பாளர் அங்கே நிற்கக் கூடாது. போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. எதிராளி வீட்டு மாட்டுக் கொட்டகையில் பணத்தை வைத்துவிட்டுப் போன் போடும் ஊர் இது.

அதே ஊர், இன்னொருவர்: வாங்கினவர்களும் குற்றவாளியா?

ஆமாம். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே பிரிவில்தான் வருகிறது. ஒரு வருடம் வரை சிறை.

கும்பகோணம் வாசகி: சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக் கூடாது என்கிறார்கள். ஒரு நாள் பொதுக்கூட்டத்துக்கே அது பத்தாதே?

பத்தாதுதான். 2022 முதல் பெரிய மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும். எல்லோருடைய கணக்கும் வரம்புக்குள்ளேயே அடங்கிவிடும் அதிசயத்தை நீங்களே ஆணையத் தளத்தில் பார்க்கலாம்.

ஓட்டை எங்கே என்றால், இந்த வரம்பு வேட்பாளருக்கு மட்டும்தான். கட்சிக்கு வரம்பே கிடையாது. நட்சத்திரப் பேச்சாளரின் ஹெலிகாப்டர் செலவு வேட்பாளர் கணக்கில் ஏறாது. கட்சி தன் கொள்கைக்காகப் பொதுவாகக் கொடுக்கும் விளம்பரமும் ஏறாது. கட்சிக்கும் ஒரு வரம்பு வைக்காமல் வேட்பாளர் வரம்பை ஏற்றி இறக்கிக் கொண்டிருப்பது வீண் வேலை.

கோவை நண்பர்: தேர்தல் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததோடு நன்கொடை விவகாரம் சரியாகிவிட்டதா?

பாதிதான். 2024 பிப்ரவரி 15 தீர்ப்பு இரண்டு வேலை செய்தது. கட்சிக்கு நன்கொடை தர ஸ்டேட் வங்கி விற்ற, யார் கொடுத்தார்கள் என்று தெரியாத பத்திரத்தை ரத்து செய்தது, கம்பெனிகள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற 2017 திருத்தத்தையும் தூக்கியது. பிறகு ஸ்டேட் வங்கி தயங்கித் தயங்கிக் கொடுத்த தகவலில்தான் உங்கள் ஊர் லாட்டரி நிறுவனம் ஃப்யூச்சர் கேமிங் 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் இருந்தது தெரிந்தது. வெளியான காலகட்டத்தில் அதிகம் பெற்ற கட்சி பாஜக, 6,000 கோடிக்கு மேல். திமுக தனக்கு வந்த 656 கோடியில் 509 கோடி அந்த லாட்டரி நிறுவனம் கொடுத்தது என்று தானே வெளியிட்டது.

இதெல்லாம் எப்போது தெரிந்தது? 2024 மார்ச்சில். பத்திரம் விற்கத் தொடங்கியது 2018-ல். நடுவில் ஒரு மக்களவைத் தேர்தலும், தமிழ்நாடு உட்படப் பல சட்டமன்றத் தேர்தல்களும் முடிந்துவிட்டன.

இன்னும் திறந்திருக்கும் கதவு எது என்றால், 20,000 ரூபாய்க்கு உட்பட்ட நன்கொடைக்குப் பெயர் சொல்லவே வேண்டாம். ரொக்கமாக ஒருவரிடம் 2,000-க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ல் விதி வந்தது. சரி, பெரிய தொகையைச் சின்னச் சின்ன ரசீதாக எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஆறு தேசியக் கட்சிகள் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2013-ல் உத்தரவு போட்டது; ஒரு கட்சியும் அதன்படி நடக்கவில்லை. என்னைக் கேட்டால், தேர்தல் அறிவித்த நாளிலிருந்து வரும் பெரிய நன்கொடைகளை ஒரு வாரத்துக்குள் வெளியிட வைக்க வேண்டும். வருடக் கணக்கு அறிக்கை ஓட்டுப் போடுகிறவருக்கு உதவாது.

தாம்பரம், முதல் முறை வாக்காளர்: நோட்டா அதிகம் வாங்கினால் மறுதேர்தல் நடக்குமா அண்ணா?

நடக்காது தம்பி. நோட்டாவுக்கு ஒரு லட்சம், அடுத்தவருக்கு ஆயிரம் என்றாலும் ஆயிரம் வாங்கியவர்தான் எம்.எல்.ஏ. 2013-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் பொத்தானைக் கொடுத்த நோக்கம், பிடிக்கவில்லை என்பதையும் ரகசியமாகச் சொல்ல வழி செய்வது. அதோடு சரி.

மதுரை, மென்பொருள் துறையிலிருப்பவர்: இயந்திரத்தை நம்பலாமா? யாருக்கு ஓட்டு விழுந்தது என்று இயந்திரத்தோடு இணைந்து அச்சாகும் எல்லா விவிபாட் சீட்டையும் எண்ணினால் சண்டையே இல்லையே?

ஹேக் செய்தார்கள் என்பதற்கு நீதிமன்றம் ஏற்கும்படியான ஆதாரத்தை யாரும் இதுவரை கொண்டுவரவில்லை. அதற்காகக் கேள்வி தப்பு என்று சொல்ல மாட்டேன். தோற்றவரும் ஒத்துக்கொள்ளும்படி சோதனை இருக்க வேண்டும் அல்லவா?

இப்போதைய நிலைமை: 2019 ஏப்ரல் உத்தரவின்படி ஒரு சட்டமன்றத் தொகுதிக்குக் குலுக்கலில் 5 சாவடிகளின் சீட்டை எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டில் 234 தொகுதி, ஆக 1,170 சாவடி. 2024 தேர்தலில் மாநிலத்தில் 68,000-க்கு மேல் சாவடிகள் இருந்தன. நூற்றுக்கு இரண்டு கூட வரவில்லை. சீட்டும் இயந்திரமும் மாறுபட்டால் சீட்டின் எண்ணிக்கையே செல்லும் என்று விதி 56டி தெளிவாகச் சொல்கிறது. அது நல்ல விதி.

2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் நூறு சதவீதம் எண்ணும் கோரிக்கையை நீதிமன்றம் மறுத்தது. பதிலுக்கு, இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் பணம் கட்டி, 5 சதவீத இயந்திரங்களின் சிப்பைச் சோதிக்கச் சொல்லலாம் என்றது.

நானும் நூறு சதவீதம் கேட்கவில்லை. ஐம்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்த தொகுதியில் அவ்வளவு சீட்டையும் எண்ணி என்ன ஆகப்போகிறது? என் வாதம், வித்தியாசம் குறையக் குறைய எண்ணும் சாவடிகள் கூட வேண்டும் என்பது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலம் இந்தக் கணக்கில்தான் தணிக்கை செய்கிறது. நூறு ஓட்டுக்குள் முடிவாகும் தொகுதியில் ஒரே ஒரு சாவடி முடிவைப் புரட்டிவிடும். அங்கே 5 என்பது விளையாட்டு.

நாங்குநேரி நண்பர்: ராதாபுரம் வழக்கு கடைசியில் என்ன ஆனது?

மேலே நூறு ஓட்டு என்று எழுதும்போது மனதில் இருந்தது அதுதான். 2016-ல் ராதாபுரத்தில் திமுக வேட்பாளர் அப்பாவு 49 ஓட்டில் தோற்றதாக அறிவித்தார்கள். நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியது முக்கியப் பிரச்சினை. சென்னை உயர் நீதிமன்றம் மறுஎண்ணிக்கைக்கு உத்தரவிட்டது 2019 அக்டோபரில். எண்ணவும் செய்தார்கள். ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-ல் அந்தச் சட்டமன்றத்தின் ஆயுளே முடிந்தது. அந்தத் தேர்தலில் அதே தொகுதியில் ஜெயித்து அப்பாவு சபாநாயகரும் ஆகிவிட்டார்.

தேர்தல் வழக்கு போட 45 நாள்தான் அவகாசம்; ஒரு நாள் தாண்டினாலும் கதவு சாத்தப்படும். தீர்ப்புக்கு மட்டும் "ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும்" என்று 86-வது பிரிவு சொல்கிறது. முயல வேண்டும் என்ற அந்தச் சொல்லை நம்பித்தான் நாங்கள் தொழில் நடத்துகிறோம். உயர் நீதிமன்றத்தில் இதற்கென்றே ஒரு நீதிபதி, வேறு வழக்கு இல்லாமல், ஆறு மாதம் உட்கார்ந்தால் போதும். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று சொன்னால் நான் இதைத்தான் மாற்றுவேன்.

தர்மபுரி, கிராமத்திலிருந்து: எங்கள் ஊர் ஓட்டு விழவில்லை என்று ரோடு போட மறுக்கிறார்கள். யாருக்குப் போட்டோம் என்று எப்படித் தெரிகிறது?

ஒவ்வொருவருடைய ஓட்டும் தெரியாது. ஊருடைய ஓட்டு தெரியும். சாவடி வாரியாக யாருக்கு எவ்வளவு என்று படிவம் 20-ல் வெளியாகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிச் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழக்கம் இருந்தது. இயந்திரம் வந்ததும் அந்தத் திரை போய்விட்டது.

பல இயந்திரங்களின் ஓட்டை மொத்தமாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை ஆணையம் கேட்டது, சட்ட ஆணையம் 2015-ல் தந்த 255-வது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கே இதில் தயக்கம் உண்டு. சாவடிக் கணக்கு வெளியே தெரிவதால்தான் தப்பு நடந்தால் பிடிக்க முடிகிறது. ஆனால் ஓட்டைக் காட்டி ஒரு தெருவுக்கே தண்ணீரை நிறுத்துகிற நாட்டில், ரகசியம் முதலில் வர வேண்டும். உங்கள் ஊர் மாதிரி ஐந்தாறு சாவடிகளைச் சேர்த்து வெளியிடலாம். தனித்தனிக் கணக்கை மூடிய உறையில் நீதிமன்றத்துக்கு மட்டும் கொடுக்கலாம்.

வேளச்சேரி வாசகி: வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில் அப்பாவின் பெயர் விடுபட்டுப் போனது. என்ன செய்வது?

பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுங்கள் அம்மா, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். நிராகரித்தால் 15 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் மேல்முறையீடு, அடுத்து 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம். வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது, அதனால் தள்ளிப் போடாதீர்கள்.

2025 டிசம்பரில் வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரட்டைப் பதிவு எல்லாம் அதில் உண்டு, உங்கள் அப்பா போன்றவர்களும் உண்டு. பீகாரில் இதே மாதிரி 65 லட்சம் பெயர்கள் விடுபட்டபோது, காரணத்தோடு, தேடிப் பார்க்கும்படி வெளியிடச் சொல்லி 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் சொன்னால்தான் அது நடக்கும் என்பதே தவறு. பெயரை எடுக்கும் முன் காரணத்தை வெளியிடுவது சட்டத்திலேயே இருக்க வேண்டும்.

ஈரோடு நண்பர்: ஓட்டு சதவீதத்துக்கு ஏற்ற இடம் கொடுத்தால் என்ன?

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுக 44 சதவீத ஓட்டில் 39-ல் 37 இடம் பிடித்தது. திமுகவுக்கு 23 சதவீதத்துக்கு மேல், இடம் பூஜ்யம். 2024-ல் அதிமுகவுக்கு 20 சதவீதம், இடம் பூஜ்யம். இரண்டு தரப்பும் வாங்கிக் கட்டிக்கொண்டாயிற்று, இரண்டு தரப்பும் இதைப் பற்றிப் பேசாது. அடுத்த முறை அலை தங்கள் பக்கம் அடிக்கும் என்ற நம்பிக்கை. 1999-ல் சட்ட ஆணையம், இப்போதுள்ள இடங்களோடு 25 சதவீதம் கூடுதலாகச் சேர்த்து அவற்றை ஓட்டு விகிதப்படி கொடுக்கலாம் என்றது. தொகுதி எம்.பி.யும் இருப்பார், விகிதமும் ஓரளவு சரியாகும். எனக்குப் பிடித்த யோசனை, நடக்கும் என்ற நம்பிக்கை இல்லை.

புதுச்சேரி நண்பர்: தேர்தல் ஆணையரை யார் நியமிக்கிறார்கள்?

பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்வு செய்யட்டும், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டிசம்பரில் சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த நாற்காலியில் பிரதமர் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைச்சர் உட்கார்ந்தார். மூன்றில் இரண்டு ஒரே பக்கம். ஆட்டத்தில் இருப்பவரே நடுவரைப் பொறுக்குவது எந்தக் கட்சி ஆண்டாலும் தப்பு.

விழுப்புரம், முதல் முறை பூத் ஏஜென்ட்: நான் கவனிக்க வேண்டியது என்ன அண்ணே?

காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்குத் தாமதிக்காமல் போங்கள். அது முடிந்ததும் இயந்திரத்தை அழித்துப் பூஜ்யம் காட்டுகிறார்களா, மாதிரி விவிபாட் சீட்டுகளை வெளியே எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். யாராவது வந்து "என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள்" என்றால் வீட்டுக்கு அனுப்ப விடாதீர்கள், விதி 49பி-யின்படி (ஆங்கில P) தனிச் சீட்டில் போட உரிமை உண்டு.

சாயங்காலம் படிவம் 17சி நகல் வாங்காமல் கிளம்பக் கூடாது. எத்தனை ஓட்டு பதிவானது, இயந்திர எண் என்ன, எல்லாம் அதில் இருக்கும். விதி 49எஸ்-ன்படி தலைமை அலுவலர் கையெழுத்தோடு கொடுத்தே ஆக வேண்டும். அதை வாக்குப்பதிவு முடிந்த 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்லி 2024-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள், தேர்தல் நடுவில் உத்தரவிட மறுத்துவிட்டது. அது வரும் வரை, போனில் படம் எடுத்து உங்கள் வேட்பாளரின் ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டு, அசல் நகலை எண்ணிக்கை நாள் வரை பத்திரமாக வைத்திருங்கள். எண்ணும் மேசையில் இயந்திர எண்ணும் மொத்த ஓட்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த இயந்திரத்தை எண்ணும் முன்பே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள்.