‘பிரிங் டு லைஃப்’ என்ற ஆங்கிலத் தொடரை எப்படிப் பயன்படுத்துவது?

ஒன்றைக் கண்முன் நிற்பதுபோல் ஆக்குவதுதான் இதன் பொருள். நம் ‘உயிரூட்டுதல்’ அப்படியே பொருந்தும். வெறும் தகவல் மனத்தில் எளிதில் ஒட்டாது. புலன்களைத் தொடும் விவரம் ஒட்டும். ‘தாராவியில் மழை பெய்தது’ என்பது செய்தி. ‘தகரக் கூரை அதிர்ந்ததில் அம்மா கூப்பிட்டது காதில் விழவில்லை’ என்றால் அந்த மழைக்கு உயிர் வந்துவிடுகிறது.

மும்பை லால்பாகில் பிள்ளையார் சிலை செய்யுமிடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள், அவசியம் பாருங்கள். தும்பிக்கையும் வண்ணமும் முடிந்த பிறகும் அது பொம்மைதான். கண் எழுதியதும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும்!

உயிர் பெறும் பொருள் பெரும்பாலும் நடுவில் வரும்: ‘பிரிங் த ஸ்டோரி டு லைஃப்’.

இறந்தவரை எழுப்புவது என்று பலர் இதைத் தவறாக எண்ணுகிறார்கள். அதற்கு வழக்கமாக ‘பேக்’ சேர்த்து, ‘பிரிங் பேக் டு லைஃப்’ என்பார்கள்.