அழாத அப்பாவைக் கதையில் எப்படி எழுதுவது?

பாசமுள்ள, ஆனால் வாய் திறக்காத அப்பாவைக் கல்லாகக் காட்டாமல் எழுத முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும்.

அவருக்கு உணர்ச்சி உண்டு, சொல்தான் பழகவில்லை. "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" என்று கேட்டு வளர்ந்தவர்கள் தம் பயத்தையும் துக்கத்தையும் பெயர் சொல்லவே சிரமப்படுவார்கள் என்பது உளவியலாளர் ரொனால்ட் லெவன்ட் 1990களில் முன்வைத்த கருத்து. கோபத்துக்கு மட்டும் தடை இல்லை. அதனால்தான் மகன் நேரம் கழித்து வந்தால், பயந்துபோயிருந்த அப்பா திட்டுகிறார்.

எனவே வசனத்தைக் குறைத்து, கைக்கு வேலை கொடுங்கள். வெளியூர் கிளம்பும் மகளின் பெட்டி ஜிப்பை மூன்றாம் முறை இழுத்துப் பார்ப்பார். "சார்ஜர் எடுத்துக்கிட்டியா?" என்பார். அடுத்த வரியில் அதைப் பாசம் என்று நீங்கள் விளக்கினால் காட்சி செத்துவிடும்.

"அப்பா உன்னை நினைச்சுக் கவலைப்படுறார்" என்று சேதி சொல்பவள் பெரும்பாலும் அம்மாதான். அவளை ஒரு அத்தியாயம் வெளியே அனுப்பிப் பாருங்கள், அப்பாவும் மகனும் நேருக்கு நேர் நின்றாக வேண்டும்.

பலர் சறுக்குவது முடிவில். மருத்துவமனைக் கட்டிலில் அப்பா பக்கம் பக்கமாக மனம் திறப்பார். நாற்பது வருடப் பழக்கம் அப்படி உடையாது. பாதியில் நின்றுபோகும் ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள்.