கம்பியைத் தேடிப் போன பிள்ளை

கேள்வி: எட்டு வயது மகனுக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கின்றன. தினம் ஐந்து வீதம் சார்ட்டில் எழுதி ஒட்டி மனப்பாடம் செய்ய வைக்கிறேன். அர்த்தத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், வாக்கியத்தில் எழுதச் சொன்னால் தப்பு. தமிழிலும் இப்படித்தான். 'வேலைன்னதும் உன் மாமன் கம்பி நீட்டிட்டான்' என்று என் அம்மா சொல்ல, இவன் வாசலுக்குப் போய்க் கம்பியைத் தேடினான், வீடே சிரித்தது! இப்போதெல்லாம் எதற்கும் அர்த்தம் கேட்டுத் தொந்தரவு செய்வதில்லை. நல்ல முறை ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: முறை அப்புறம். வீடே சிரித்தது என்று ஆச்சரியக்குறி போட்டிருக்கிறீர்களே, சிரித்து முடித்த பிறகு யாராவது ஒருவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'நைசா ஓடிப்போறதைத்தான்டா அப்படிச் சொல்றது' என்று விளக்கினீர்களா? விளக்கியதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. காதில் விழுந்ததை நம்பிப் போய்ப் பார்த்தவன் கெட்டிக்காரன். அவனைக் கேலிப்பொருளாக்கிவிட்டு, அவன் வாயை மூடிக்கொண்டதைத் தொந்தரவு இல்லை என்று வேறு எழுதுகிறீர்கள். கேட்கிற பிள்ளைக்குப் பதில் சொல்வது பெற்றவர்களின் கடமை, அதைச் சார்ட்டிடம் தள்ளிவிட முடியாது.

அந்த வயதில் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வது சகஜம்தான். பேச்சோடு, நடக்கிற காரியத்தோடு சேர்ந்து வந்தால் பிடித்துக்கொள்வார்கள், சுவரில் தனியாகத் தொங்கினால் ஒப்பிக்கத்தான் வரும். வாரத்துக்கு ஒன்று போதும். ரகசியமாக வைத்திருந்த பிறந்தநாள் பரிசை அவனே உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்பான் பாருங்கள், அந்த நேரத்தில் 'போட்டு உடைச்சிட்டியே' என்று சொல்லி, இதைத்தான் ஆங்கிலத்தில் 'ஸ்பில் த பீன்ஸ்' என்பார்கள், நாம் உடைக்கிறோம், அவர்கள் கொட்டுகிறார்கள் என்று சொல்லுங்கள். முதலைக் கண்ணீர் இரண்டு மொழியிலும் முதலைக் கண்ணீர்தான், அங்கிருந்தே ஆரம்பிக்கலாம். கொட்டித் தீர்க்கிற மழையை ஆங்கிலத்தில் 'கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' மழை என்பார்கள், அது 1738-இல் அச்சான நூலிலேயே இருக்கிறது, ஆனால் ஏன் நாயும் பூனையும் என்பதற்கு ஆங்கிலேயர்களிடமே முடிவான பதில் கிடையாது. அவன் கேட்டால் அதையே சொல்லுங்கள், கதை கட்டாதீர்கள்.

பாட்டி வாயைத் திறந்தாலே மரபுத்தொடர் கொட்டுகிற வீட்டில் சார்ட் எதற்கு? கழற்றிவிடுங்கள். இன்றைக்கு ராத்திரி அந்தக் கம்பிக்கு அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள், சொன்னவர் உங்கள் அம்மாதானே. நீங்களும் கூட உட்காருங்கள், சிரிக்காமல்.