கார் வாங்க முதல் வின் நம்பரை நேரில் பாருங்கள்

தங்கச்சி, ரொறன்ரோவின் ஸ்காபுரோவில் ஒரு தனியாளிடம் 2018 டொயோட்டா கொரோலா பார்த்திருக்கிறீர்கள். அவர் காரின் வின் நம்பரை, அதாவது ஒவ்வொரு காருக்கும் தனியாக உள்ள அடையாள இலக்கத்தை, படமெடுத்து அனுப்பி, "எல்லாம் க்ளீன், நீங்களே செக் பண்ணிப் பாருங்கோ" என்று சொன்னாராம். அதை வைத்து என்ன பார்ப்பது, அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இலக்கம் நிறையவே உதவும். ஆனால் அந்தப் படம் போதாது. காரில் இருக்கும் இலக்கத்தை நேரில் பார்க்காமல் முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.

1981க்குப் பிறகு வந்த கார்களுக்கு இங்கே வின் 17 இடங்களில் இருக்கும். ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று எழுத்துகளும் வராது, ஆகவே ஓ போலத் தெரிவது சைபர்தான். முதல் இடம் தயாரித்த நாடு. 2 என்றால் கனடா, 1, 4, 5 அமெரிக்கா, 3 மெக்சிகோ, ஜே ஜப்பான். ஒன்ராறியோவின் கேம்பிரிட்ஜில் செய்த கொரோலா 2 இல் தொடங்கும். பத்தாவது இடம் மாடல் ஆண்டு. 2018க்கு அங்கே ஜே இருக்க வேண்டும். எச் இருந்தால் அது 2017. ஒன்பதாவது இடம் மற்ற இடங்களைக் கணக்குப் போட்டு வரும் சரிபார்ப்பு. யாராவது கைக்கு வந்தபடி ஒரு இலக்கத்தை எழுதியிருந்தால் அநேகமாக இதில் பிடிபடும்.

பிடிபடாத மோசடி ஒன்றும் இருக்கிறது, எனக்குப் பயம் அதில்தான். களவெடுத்த காருக்கு, அதே மாதிரியான இன்னொரு நல்ல காரின் இலக்கத்தைப் பொருத்தி விற்கிறார்கள். ரொறன்ரோப் பக்கம் கார்க் களவு கூடிப்போய், 2024 பெப்ரவரியில் மத்திய அரசு ஒட்டாவாவில் அதற்கென்றே ஒரு மாநாடு கூட்டியது. இப்படியான காரின் இலக்கத்தைக் கணினியில் போட்டால் காரின் வரலாற்று அறிக்கை சுத்தமாகத்தான் வரும், ஏனென்றால் அது வேறொரு காரின் அறிக்கை. பொலிஸ் கண்டுபிடித்தால் கார் போய்விடும். விற்றவரைத் தேடிப் பிடிக்காவிட்டால் காசும் போய்விடும். புதிதாக வந்து, சேர்த்ததையெல்லாம் ஒரு காரில் போடுகிற ஆளுக்கு அது தாங்க முடியாத அடி.

அதனால் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். சாரதிப் பக்கம் முன் கண்ணாடியின் கீழ் மூலையில், டாஷ்போர்டில் ஒரு சின்னத் தகடு இருக்கும். வெளியில் நின்றே வாசிக்கலாம். தகடு ஆடுகிறதா, ஆணி மாற்றின அடையாளம், பசை ஏதும் தெரிகிறதா என்று வடிவாகப் பாருங்கள். பிறகு சாரதியின் கதவைத் திறந்தால் கதவிலோ அதன் நிலையிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கனடாவில் விற்கச் செய்த காரென்றால் அதில் மேப்பிள் இலைச் சின்னம் இருக்கும். ஓரம் கிழிந்து, எழுத்து வேறு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். மூன்றாவது, ஓனர்ஷிப் கடதாசி. விற்பவரின் லைசென்ஸில் உள்ள பெயரும் அதில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். "சிநேகிதனுக்காக விற்கிறேன்" என்ற கதையை ஏற்க வேண்டாம்.

இவற்றோடு, நீங்களே தெரிந்தெடுத்த ஒரு கராஜுக்குக் காரைக் கொண்டுபோங்கள். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகினால் காரின் கம்ப்யூட்டரில் பதிந்துள்ள வின் வரும். தகட்டை மாற்றுகிறவர்கள் எல்லோரும் அதை மாற்றுவதில்லை. காரைக் கராஜுக்குக் கொண்டுபோக விற்பவர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு மலிவென்றாலும் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

எல்லா இடத்திலும் இலக்கம் ஒன்றாக இருந்தால்தான் அறிக்கைகளுக்கு மதிப்பு. தனியாள் விற்பனையில் யூ.வி.ஐ.பி என்கிற தகவல் கட்டை விற்பவர் தர வேண்டும் என்பது ஒன்ராறியோச் சட்டம். மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் 20 டொலர். அவர் இழுத்தடித்தால் வின்னைக் கொடுத்து நீங்களே எடுக்கலாம். முந்திய சொந்தக்காரர், காரின் மேல் உள்ள கடன், மொத்த விற்பனை மதிப்பு எல்லாம் அதில் வரும். கடன் விஷயம் முக்கியம், அது காரோடுதான் வரும். 13 வீத வரியும் நீங்கள் கொடுத்த விலை, அந்த மொத்த விற்பனை மதிப்பு இரண்டில் எது கூடவோ அதற்குத்தான். ஆகவே ரசீதில் குறைத்து எழுதித் தருகிறேன் என்பதில் உங்களுக்கு இலாபமில்லை. அந்தக் கட்டில் ஒன்ராறியோ வரலாறு மட்டுமே இருக்கும். கியூபெக்கிலோ அமெரிக்காவிலோ அடிபட்டதைப் பார்க்க, கார்களின் வரலாற்றைத் தரும் கார்ஃபாக்ஸ் கனடா என்ற நிறுவனத்தின் அறிக்கையும் எடுங்கள். களவு போனதாகப் பதிவாகியிருக்கிறதா என்று மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யின் சி.பி.ஐ.சி என்ற தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

அப்புறம் இன்சூரன்ஸ். பலர் காரை வாங்கிவிட்டுத்தான் கேட்கிறார்கள். புதிதாக வந்தவருக்கு இங்கே மாதக் கட்டணம் கார் விலையை விடப் பெரிய தலையிடி. வின்னைக் கொடுத்து இரண்டு மூன்று இடத்தில் விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வாங்கிய பிறகு டொயோட்டாவின் தளத்தில் அதே இலக்கத்தைப் போட்டு, ரீகால், அதாவது பிழையைத் திருத்தக் கம்பனி காரைத் திரும்ப அழைத்தது, ஏதும் செய்யாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டீலரிடம் இலவசமாகச் செய்து தருவார்கள், நீங்கள் எத்தனையாவது சொந்தக்காரராக இருந்தாலும் சரி.