ஐப்பசிக்குப் பிறகும் மாடியில் பூ வேண்டுமா?

கேள்வி: திருச்சியில் எங்கள் மொட்டை மாடியில் 2 குண்டுமல்லித் தொட்டிகளும் ஒரு செம்பருத்தியும் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் மல்லி பறித்து மாளாது. ஐப்பசி பிறந்தால் ஒரு மொட்டுகூடக் கிடையாது. உரத்தைக் கூட்டியும் பலனில்லை. சாமிக்கும் தலைக்கும் வருஷம் முழுக்கக் கொஞ்சமாவது பூ பறிக்க வழி உண்டா?

பதில்: உங்கள் மல்லிக்கு ஒரு நோயும் இல்லை. குண்டுமல்லி வெயிலுக்குப் பூக்கிற செடி. மழையும் பனியும் வந்தால் ஓய்ந்துவிடும். அந்த நேரத்தில் உரத்தைக் கொட்டினால் இலைதான் தழைக்கும். கடைகளில் விற்கும் 'பூக்க வைக்கும்' மருந்துகளுக்கும் காசைக் கரைக்க வேண்டாம்.

அதற்குப் பதில் நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்யுங்கள். தயங்காமல் மண்ணிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே உள்ளதை வெட்டிவிடலாம். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் மல்லி மொட்டு வைப்பது புதுத் துளிரின் நுனியில். பழைய கிளையை அப்படியே விட்டால் துளிரும் குறையும், பூவும் குறையும். வெட்டியபின் தொட்டிக்கு இரண்டு கை தொழு உரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு போட்டு மேல்மண்ணைக் கிளறிவிட்டால் போதும். மாசி, பங்குனியில் மொட்டு தெரியும்.

சரி, இடைப்பட்ட மாதங்களுக்கு என்ன செய்வது? ஒரே செடியை வருத்தாமல், வேறு வேறு பருவத்தில் பூக்கும் செடிகளைச் சேர்த்து வையுங்கள். முதலில் ஒரு பிச்சி. குண்டுமல்லி ஓயத் தொடங்கும்போது அது கை கொடுக்கும். இதற்குக் கவாத்து டிசம்பர் கடைசியில். முல்லை வைத்தால் ஜனவரி கடைசியில். மூன்றையும் ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள்.

கார்த்திகை, மார்கழிக்கு டிசம்பர் பூதான். குச்சி ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். மணம் கிடையாது, ஆனால் ஊதாவும் வெள்ளையும் கலந்து தொடுத்தால் அதன் அழகே தனி. கூடவே கனகாம்பரம் 2 தொட்டி இருக்கட்டும். அடைமழையில் கொஞ்சம் சுணங்கும், மற்றபடி ஏறக்குறைய வருஷம் முழுக்கப் பூக்கும். அரை நிழலும் அதற்குப் போதும்.

பொங்கலை ஒட்டிச் சாமந்தி வேண்டுமென்றால் ஆனி, ஆடியிலேயே நாற்று நட வேண்டும். நட்ட நான்கு வாரத்தில் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடிக்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: சாமந்தி, இரவு நீளும்போதுதான் மொட்டுக் கட்டும். இரவெல்லாம் எரியும் மாடி விளக்கோ தெருவிளக்கோ அதன்மேல் விழுந்தால், செடி வளர்ந்துகொண்டே இருக்கும், மொட்டு தள்ளிப்போகும். செடி கொழுகொழுவென்று இருந்தும் பூக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் தொட்டியை இருட்டான மூலைக்கு நகர்த்திப் பார்க்கலாம்; பகலில் அந்த மூலைக்கு நல்ல வெயில் கிடைக்க வேண்டும்.

செம்பருத்தி தானாகவே பூத்துக்கொண்டிருக்கும், மாவுப்பூச்சியை மட்டும் ஏறவிடாதீர்கள். வெள்ளையாகப் பஞ்சுபோலத் தெரிந்தால் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, பூச்சி போகும்வரை.