புக்கானனும் நம் பாடப்புத்தகமும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் காங்கேயம் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். அண்மையில் பிரான்சிஸ் புக்கானனின் பயண நூலில் கொங்கு நாட்டைப் பற்றிய பகுதிகளைப் படித்தேன். மண், பயிர், கிணறு, நெசவு என்று அவர் எழுதியிருப்பது வியப்பாக இருந்தது. நம் மக்களைப் பற்றிய சில வரிகள் எரிச்சலூட்டின. “கம்பெனிக்காரன் எழுதியதை நம்பிப் பாடம் நடத்தாதீர்கள், தூக்கிப் போடுங்கள்” என்கிறார் உடன் பணியாற்றும் நண்பர். தூக்கிப் போட மனம் வரவில்லை, அப்படியே ஏற்கவும் முடியவில்லை. எப்படித்தான் படிப்பது?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தூக்கிப் போடாதீர்கள். உங்களுக்கு எரிச்சலூட்டிய வரிகளுக்கு முன்னால், அந்த நூலின் தொடக்கப் பக்கங்களுக்குப் போங்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்ததும் கோவைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, ஸ்காட்லாந்து மருத்துவரான புக்கானனை அனுப்பிவைத்தார். எதையெல்லாம் விசாரிக்க வேண்டும் என்ற உத்தரவு நூலிலேயே இருக்கிறது. வேளாண்மைக்கு முதலிடம், பிறகு கால்நடை, பருத்தி, மிளகு, சந்தனம், சுரங்கம், கைத்தொழில். 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அந்த நூல் இந்த உத்தரவுக்குள் நின்று எழுதப்பட்டது. புதிதாகப் பிடித்த நாட்டில் என்ன விளையும், என்ன கிடைக்கும் என்று பார்க்க வந்தவரின் கண் அது. மண்ணைப் பற்றிச் சொல்லும்போது அவரைப் பெரும்பாலும் நம்பலாம். அதில் பிசகினால் நட்டம் அவரை அனுப்பியவர்களுக்கு. குடியானவரின் குணத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது அப்படி ஒரு கட்டாயம் அவருக்கு இல்லை.

அடுத்து, அவர் வந்த ஆண்டைப் பாருங்கள். 1800 ஜூனில் பாளையக்காரர்களின் கூட்டணி கோவைக் கோட்டையைப் பிடிக்க முயன்று தோற்றது. பிடிபட்டவர்களில் பலரைத் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான் புக்கானன் இங்கே வருகிறார். தூக்குக்கயிற்றைப் பார்த்த ஊரில் கம்பெனி ஆள் ஒருவர், மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “உன் காட்டில் எவ்வளவு விளையும்?” என்று கேட்டால் குடியானவர் என்ன சொல்லியிருப்பார்? மக்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்ற குறை அந்தக் கால அதிகாரிகளின் எழுத்தில் அடிக்கடி வருகிறது. வரி போட வந்தவரிடம் விளைச்சலைக் குறைத்துச் சொன்னதில் என்ன குணக்கேடு? குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அறிவு அது. தீரன் சின்னமலையைச் சங்ககிரியில் தூக்கிலிட்டது 1805இல். அதுவரை இந்த நாடு அடங்கவே இல்லை. புக்கானனை வகுப்பில் எடுத்தால், இந்த ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு எடுங்கள்.

உங்கள் நண்பர் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாகுபடிச் செலவு எவ்வளவு என்று கணக்குப் போட வேண்டியிருந்ததால், பல ஊர்களில் பண்ணையாட்களுக்கு என்ன கூலி, எவ்வளவு தானியம் என்று புக்கானன் கேட்டு எழுதினார். அவர்கள் மேல் கொண்ட இரக்கத்தால் அப்படிச் செய்தார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் ஊர்களில் சாதிதோறும் அச்சடிக்கப்படும் பெருமை நூல்களைப் புரட்டிப் பாருங்கள். பட்டக்காரர் என்ற சாதித் தலைவர் உண்டு, காணி என்ற பரம்பரை நில உரிமை உண்டு, கோயில் முதல்மரியாதை உண்டு. மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலையை ஓட்டியவர் யார், அவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பது அநேகமாக இல்லை. வெள்ளைக்காரரின் ஏட்டை எரித்தால், பண்ணையாளைப் பற்றிக் கிடைக்கும் சில வரிகளும் சேர்ந்து எரியும். எனக்கு அது பொறுக்காது.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. வெள்ளைக்காரரைத் திட்டும் அதே மேடையில், தம் சாதி உயர்ந்தது என்று நிறுவ பிரிட்டிஷ் அதிகாரி எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய 1909ஆம் ஆண்டுத் தொகுதிகளை மேற்கோள் காட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மக்களை வரிசை போட்டு, மூக்கை அளந்து எழுதிய பார்வை அது. 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதன் ஆணையர் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி அடுக்க முயன்றார். தங்களை மேலே ஏற்றச் சொல்லி நாடெங்கும் மனுக்கள் குவிந்தன. காலனியப் பார்வை நம்மை இழிவுபடுத்தும் இடத்தில் உடனே கண்டுகொள்கிறோம். புகழும் இடத்தில்தான் ஏமாறுகிறோம்.

வகுப்பில் எங்கே தொடங்குவது என்று யோசித்தால், தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்கலாம். 1876–78இல் கோவையும் சேலமும் கடுமையாக அடிபட்டன. மழை பொய்த்தது, பஞ்சம் வந்தது என்று ஒரே வரியில் முடிக்கும் பாடம் போதாது. நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை, 1877 தொடக்கத்தில் இந்திய அரசு பஞ்சத்தைப் பார்வையிட அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் ஒரு பவுண்டு தானியம் என்ற அளவுக்குக் குறைக்கச் செய்தார், அதாவது சுமார் 450 கிராம், அதோடு சிறிது காசு. உடலுழைப்பு செய்கிறவருக்கு இது போதாது என்று எதிர்த்தவர் டபிள்யூ.ஆர். கார்னிஷ், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். அவரும் வெள்ளைக்காரர், அதே அரசின் அதிகாரி. செத்தவர்களின் கணக்கையும் உடல்களின் நிலையையும் வைத்து அவர் வாதாடினார். சில மாதங்களில் கூலியை உயர்த்தவேண்டி வந்தது. அதே ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை கப்பலேறிக்கொண்டிருந்தது.

டெம்பிளின் வாதத்தை ஒரு தாளிலும் கார்னிஷின் மறுப்பை இன்னொரு தாளிலும் எழுதிக் கொடுங்கள். யார் எந்தச் சான்றைக் காட்டுகிறார், எதைப் பேசாமல் விடுகிறார் என்று பிள்ளைகளே குறிக்கட்டும். நிவாரண வேலையில் கல்லுடைத்தவரின் குரல் இரண்டு தாளிலும் இருக்காது. அதைத் தேட, தாது வருஷத்தைப் பற்றி வீட்டில் வழிவழியாகச் சொல்லப்படுவதைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அதையும் அந்த இரண்டு தாள்களைப் போலவே கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளால் இது முடியும். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள், ஒன்று போதாது.